அறுவதற்கு முன் அறிவது

டைமிங் பெல்ட் என்பது கார் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டையும் கேம் ஷாஃப்ட்டையும் ஒரே தாளத்தில் சுழல வைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை. அதை எப்போது மாற்றுவது என்பது ஒர்க் ஷாப்பில் கேட்டு, ஒர்க் ஷாப்பிலேயே பதில் கிடைத்துவிடும் கேள்விதான். ஆனால் அதற்கு அடியில் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளை, கெட்டுப்போனதற்கு எந்த அடையாளமும் கண்ணில் படாத நிலையில், கழற்றி எறிவது நியாயமா? அப்படிச் செய்பவருக்கு இருப்பது அறிவா, வெறும் அச்சமா? காணாத ஒன்றை அறிய முடியுமா, அறிந்தால் அதன்படி நடந்தே ஆக வேண்டுமா என்று தத்துவ நூல்கள் நெடுங்காலம் வாதிட்டதெல்லாம் இந்த ஒரு பட்டையைச் சுற்றியும் வந்து நிற்கிறது.

முதலில் அதன் வேலை. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதனால் கேம் புல்லியில் இருக்கும் பற்கள் கிராங்க் புல்லியில் இருப்பதைப் போல் இரு மடங்கு. கிராங்க் ஷாஃப்ட் பிஸ்டன்களை மேலும் கீழும் ஓட்டுகிறது. கேம் ஷாஃப்ட் வால்வுகளைத் திறந்து மூடுகிறது. பல இன்ஜின்களில், குறிப்பாக டீசல் இன்ஜின்களில் பெரும்பாலானவற்றில், திறந்த வால்வு கீழிறங்கும் இடமும் பிஸ்டன் மேலேறும் இடமும் ஒன்றேதான். வால்வு அங்கே இருக்கும்போது பிஸ்டன் கீழே இருக்கும். பிஸ்டன் வரும்போது வால்வு மூடியிருக்கும். இரண்டுக்கும் நடுவே தடுப்புச் சுவர் ஏதும் கிடையாது. நேரம் ஒன்றுதான் வேலி, அந்த வேலியைக் காப்பது பெல்ட்.

பெல்ட் அறுந்தால் கேம் ஷாஃப்ட் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. சில வால்வுகள் திறந்தபடி நிற்கின்றன. கிராங்க் ஷாஃப்ட் உடனே நிற்பதில்லை. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 50 முறை உச்சிக்கு வருகிறது. வந்து மோதுகிறது. வால்வுகள் வளைகின்றன, சில வேளை பிஸ்டன் தலையும் உடைகிறது. இன்ஜின் ஹெட்டைக் கழற்றாமல் இதைச் சரிசெய்ய வழியில்லை. அந்தச் செலவு பெல்ட் மாற்றும் செலவைப் போல் பல மடங்கு. வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று எட்டாதபடி அமைந்த இன்ஜின்களில் இந்தச் சேதம் இல்லை, இன்ஜின் நின்றுபோவதோடு சரி. ஆனாலும் நெடுஞ்சாலையில் ஓடும் காரில் இன்ஜின் திடீரென நிற்பது சின்ன விஷயமா? பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் இன்ஜின் தரும் துணை போய், இரண்டும் கனத்துவிடும்.

1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் தன் 1004 மாடலில் இந்தப் பட்டையைப் பொருத்தியபோதுதான் அது பெருமளவில் விற்கப்படும் காருக்குள் வந்தது. அதற்கு முன் அந்த வேலையைச் செய்தவை சங்கிலியும் பல்சக்கரமும். பெல்ட் விலை குறைவு, எடை குறைவு, சத்தமும் குறைவு. சத்தம் குறைவு என்ற இந்த நல்ல குணத்திலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது. சங்கிலி தேய்ந்து நீளும்போது பல வேளை சலசலக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கரகரப்பு கேட்கும். பெல்ட் அப்படி முன்னறிவிப்பு எதுவும் கொடுக்காமலே அறுந்துவிடலாம்.

மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தாலும் பெரிதாகத் தெரிந்துவிடுவதில்லை. பழைய காலத்து ரப்பர் என்றால் மெக்கானிக் பெல்ட்டை இரண்டு விரலால் பின்பக்கமாக மடித்து, பற்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் முடி போன்ற வெடிப்புகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். முதுகுப் பக்கம் கண்ணாடி போலப் பளபளத்தாலும் ஓரத்தில் நூல் பிரிந்திருந்தாலும் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. இப்போது பெல்ட்டுகளில் பரவலாகப் பயன்படுவது ஹைட்ரஜன் ஏற்றிய நைட்ரைல் ரப்பர். சூட்டையும் எண்ணெயையும் நன்கு தாங்கும் இந்த ரப்பர், ஆயுள் முடியும் தறுவாயிலும் வெடிப்பு காட்டாமல் இருக்கக் கூடும். இழுவையைத் தாங்குவது ரப்பருக்குள் ஓடும் கண்ணாடி இழைக் கயிறுகள். தளர்ச்சி அங்கேதான் சேர்கிறது. வெளியே புதிது போலவும் உள்ளே ஓய்ந்தும் ஒரு பெல்ட் இருக்க முடியும். விரல் மடித்துப் பார்க்கும் சோதனை கெட்டதைக் காட்டும். நல்லது என்று உறுதி தராது.

அறிவு எந்த வழியில் வருகிறது என்ற விசாரணையைத் தமிழ் மரபு அளவை என்கிறது. காட்சி, கருதல், உரை என மூன்றாக அதை வகுப்பது சைவ சித்தாந்தம். காட்சி மட்டுமே அளவை என்றவர்கள் உலகாயதர். மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் சமயவாதிகளின் வாதங்களைக் கேட்டுவரும் மணிமேகலையிடம், கண்ணால் காண்பதைத் தவிர வேறு எதையும் ஏற்பதில்லை என்கிறான் உலகாயதரை ஒத்த பூதவாதி. உன் தாய் தந்தையர் இவர்தாம் என்பதைக் கருதலால் அன்றி வேறு எப்படி அறிந்தாய் என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். கூர்மையான கேள்வி அது. காட்சி ஒன்றையே நம்புவதாகச் சொல்பவரின் வாழ்க்கையே கருதலின் மேல்தான் நடக்கிறது. உலகாயதரிலேயே புரந்தரர் போன்றோர் இதை உணர்ந்து, உலக நடப்புக்குள் அடங்கும் அனுமானத்தை ஏற்றதாகப் பிற்கால உரைகள் சொல்கின்றன. ‘வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, பெல்ட்டை ஏன் தொட வேண்டும்’ என்று கேட்கும் கார்க்காரர் பூதவாதியின் பக்கம் நிற்கிறார்.

எந்தக் கருதல் இங்கே பொருந்தும் என்பதையும் பார்க்க வேண்டும். நியாய சூத்திரம் அனுமானத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. அவற்றில் இரண்டு இங்கே உதவும். ஆற்றில் வெள்ளம் பெருகியதைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்பது, விளைவிலிருந்து காரணத்துக்குப் போவது. கருமேகத்தைக் கண்டு மழை வரும் என்பது, காரணத்திலிருந்து விளைவுக்குப் போவது. சங்கிலியின் சலசலப்பைக் கேட்டு அது நீண்டுவிட்டது என்று அறிவது முதல் வகை. பெல்ட்டில் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுக் கிடக்கிறது, ஏனென்றால் விளைவு தெரியவரும் நேரமும் நாசமாகும் நேரமும் ஒன்றே. எனவே மேகத்தைப் பார்க்கும் வழிதான் மிச்சம்: ஓடிய தூரம், கழிந்த ஆண்டுகள், பட்ட சூடு, கசிந்த எண்ணெய். கேம் ஷாஃப்ட் சீலிலிருந்தோ கிராங்க் ஷாஃப்ட் சீலிலிருந்தோ எண்ணெய் கசிந்து பெல்ட்டை நனைத்திருந்தால், கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் சீலோடு சேர்த்து மாற்றிவிடுவதே வழக்கம்.

பொய் அடையாளங்களைப் பற்றியும் நியாய சூத்திரத்தில் விவாதம் உண்டு. ஆற்று நீர் பெருகியது அதன் போக்கை அடைத்ததாலும் இருக்கலாம், மழை பெய்தது என்று எப்படித் துணிவது என்று எதிர்வாதி கேட்கிறான். மழை வெள்ளத்துக்கே உரிய வேகமும் நுரையும் அடித்துவரும் தழைகளும் அடைப்பால் தேங்கிய நீரில் இரா என்பது உரையாசிரியர்கள் தரும் விடை. இன்ஜின் பக்கத்திலும் இந்தத் தெளிவு தேவைப்படுகிறது. மழைக்காலக் காலையில் கீச்சிடுவது அநேகமாக ஆல்டர்னேட்டரை ஓட்டும் வெளி பெல்ட். மக்கள் ஃபேன் பெல்ட் என்று சொல்வது அதைத்தான். அதை மாற்றி, கீச்சொலி நின்றதும், ‘பெல்ட் மாற்றியாயிற்று’ என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. மூடிக்குள் இருக்கும் மற்றொரு பெல்ட்டுக்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.

கருதலுக்கு எதிராக மேற்கிலும் வலுவான வாதம் எழுந்தது. சூரியன் இதுவரை தினமும் உதித்தது என்பதிலிருந்து நாளையும் உதிக்கும் என்பதைத் தர்க்கத்தால் நிறுவ முடியாது என்று 1748இல் டேவிட் ஹியூம் எழுதினார். 1912இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இதற்கு ஒரு கோழியை உதாரணம் காட்டினார்: நாள்தோறும் தீனி போட்ட கையே ஒரு நாள் அதன் கழுத்தைத் திருகுகிறது. முந்தைய நாட்களின் எண்ணிக்கை கோழிக்குக் கொடுத்த நம்பிக்கை வீண்.

இந்த வாதத்தைப் பெல்ட்டோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு முக்கியமான வேறுபாடு வெளிப்படுகிறது. சூரியனின் விஷயத்தில், இதுவரை உதித்த காலைகள் நாளைய உதயத்தின் மேல் உள்ள நம்பிக்கையைக் கூட்டுகின்றன. பெல்ட்டின் விஷயத்தில், இதுவரை ஓடிய ஒவ்வொரு பயணமும் அடுத்த பயணத்தின் மேல் உள்ள நம்பிக்கையைக் குறைக்க வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும் இன்ஜின், ஒரு லட்சம் கி.மீ.யில் 20 கோடிச் சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு வால்வும் 10 கோடி முறை திறந்து மூடுகிறது. அத்தனை முறையும் வால்வு ஸ்பிரிங்கின் எதிர்ப்பு பெல்ட்டின் பற்கள் வழியாகத்தான் போகிறது. ‘ஒரு லட்சம் கி.மீ. ஓடியும் ஒன்றும் ஆகவில்லை’ என்பது பெல்ட்டின் வலிமைக்குச் சான்றாகச் சொல்லப்படும் வாக்கியம். உண்மையில் அது தேய்மானத்தின் கணக்கு. வெறும் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்பவருக்குச் சூரியனும் பெல்ட்டும் ஒன்றாகத் தோன்றும். காரணத்தை அறிந்தவருக்கு அதே எண் எதிர்த் திசையைக் காட்டும்.

அப்படியானால் பெல்ட் அழிவது எப்போது? அறும் கணத்திலா, ஓடிய ஒவ்வொரு கணத்திலுமா? இந்தியத் தத்துவத்தில் நியாய சூத்திர வழிவந்த நையாயிகரும் பௌத்தரும் நெடுங்காலம் மோதிய இடம் இது. குடம் உடைவதற்குத் தடி வேண்டும். அழிவுக்குப் புறத்தே ஒரு காரணம் வேண்டும் என்றனர் நையாயிகர். அழிவு பொருளின் இயல்பிலேயே உள்ளது, ஒவ்வொரு கணமும் அது நிகழ்கிறது, தடி செய்வதெல்லாம் ஓட்டுக் குவியல் என்ற வேறொரு தொடரைத் தொடங்கி வைப்பதே என்றனர் தர்மகீர்த்தி வழிவந்த பௌத்தர். பெல்ட்டுக்கு இருவரும் ஓரளவு பொருந்துகின்றனர். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் இறுகிப்போவது, வாட்டர் பம்ப் சிக்குவது, உள்ளே ஒரு கல் விழுவது ஆகியவை தடி. இந்தக் காரணத்தால்தான் டென்ஷனரையும் ஐட்லர் புல்லியையும், அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப்பையும் ஒன்றாக மாற்றிவிடுகிறார்கள். பெல்ட் புதிதாக இருந்து பேரிங் பழையதாக இருந்தால் பழையது புதியதையும் கொண்டுபோய்விடும். ஆனால் எந்தத் தடியும் படாத பெல்ட்டும் தேய்கிறது. நிழலில் நிறுத்தி வைத்த காரிலும் ரப்பர் முதிர்கிறது. கிலோமீட்டரோடு ஆண்டையும் சேர்த்துக் கெடு வைப்பதற்குக் காரணம் இதுவே.

அந்தக் கெடு எவ்வளவு? இன்ஜினைப் பொறுத்துப் பெரும்பாலும் 60,000 கி.மீ.யிலிருந்து 1,50,000 கி.மீ. வரையும், ஐந்து முதல் பத்து ஆண்டு வரையும் வேறுபடுகிறது. எது முதலில் வருகிறதோ அது கணக்கு. நெரிசலில் நின்று நின்று போகும் காருக்கு ஓடோமீட்டர் முழு உண்மையைச் சொல்வதில்லை. சிக்னலில் ஐட்லிங்கில் நிற்கும் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 48,000 சுற்று ஆகிறது. மேலே சொன்ன கணக்குப்படி அது 24 கி.மீ. பயணத்துக்குச் சமம். ஓடோமீட்டரில் அது பூஜ்யம். வெப்பமும் தூசியும் மிகுந்த ஊர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பல வேளை குறுகிய கெடுவைத் தனியே குறிப்பிடுகிறார்கள்.

ஒரு லட்சம் என்று எழுதியிருந்தால் 99,999இல் நல்லதாக இருந்த பெல்ட் 1,00,001இல் கெட்டுவிடுமா? கிரேக்கத்தில் யூபுலிடீஸ் எழுப்பியதாகச் சொல்லப்படும் மணற்குவியல் புதிர் இதுதான்: ஒரு மணியை எடுத்தால் குவியல் குவியலாகவே இருக்கும், இன்னொன்றை எடுத்தாலும் இருக்கும், எந்த மணியில் அது குவியல் அல்லாமல் போகிறது? அப்படிப்பட்ட ஒரு மணி இல்லை. பெல்ட்டிலும் அப்படிப்பட்ட ஒரு கிலோமீட்டர் இல்லை. கோடு இயற்கையில் கிடக்கவில்லை, மனிதர் போட்டது. அதனால் அது பொய்யாகிவிடாது. இந்தியாவில் வாக்களிக்கும் வயது 1989இல் 21இலிருந்து 18ஆகக் குறைந்தது. பதினெட்டாவது பிறந்த நாளின் காலையில் அறிவு முளைக்கிறது என்று யாரும் எண்ணியதில்லை, ஆனாலும் ஏதோ ஓர் இடத்தில் கோடு வேண்டியிருக்கிறது. பெல்ட்டுக்கான கோடு, மிகச் சிலவே அதற்கு முன் அறும்படியாகப் பார்த்துப் போடப்படுகிறது. ஆகவே கெடுவில் கழற்றப்படும் பெல்ட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் உயிர் இருக்கும். இதை வீண் என்று சொல்வோர், எந்தப் பெல்ட்டுக்கு உயிர் மிச்சம் என்று முன்கூட்டித் தெரிந்தவர் போலப் பேசுகிறார்கள்.

வயது பார்த்து மாற்றுவது எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் விதி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1978இல் நௌலன், ஹீப் என்ற யுனைடெட் ஏர்லைன்ஸ் பொறியாளர் இருவர் வெளியிட்ட அறிக்கையில், ஆராய்ந்த விமானப் பாகங்களில் 11 விழுக்காட்டுக்கு மட்டுமே வயதோடு சேர்ந்து பழுதும் கூடுவதைக் கண்டனர். மீதியுள்ளவற்றை வயது பார்த்து மாற்றுவதால் பயன் இல்லை. மாற்றும் வேலையே புதுப் பழுதைக் கொண்டுவரவும் கூடும். பெல்ட் அந்தச் சிறு வகையைச் சேர்ந்தது, தேய்ந்து சாகும் பொருள். அதனால்தான் மாற்றுவது சரியாகிறது. அச்சத்தால் ஆண்டுதோறும் மாற்றுவதும் தவறே. ஒவ்வொரு முறை கழற்றிப் பூட்டும்போதும் ஒரு பல் தள்ளிப் பூட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. நல்ல மெக்கானிக் புதுப் பெல்ட்டைப் பூட்டியதும் சாவியைத் திருப்புவதில்லை. ஸ்பானரால் கிராங்க் ஷாஃப்ட்டைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, புல்லிக் குறிகள் மறுபடி நேருக்கு நேர் வந்து நிற்கின்றனவா என்று பார்க்கிறார். எங்காவது தட்டினால் கைக்கு அது தெரிந்துவிடும். காட்சி அளவைக்கு உரிய இடம் அங்கேதான் இருக்கிறது.

கெடுவை அறிவதற்குக் கார் உரிமையாளருக்கு உள்ள வழி உரை, அதாவது நம்பத்தக்கவரின் சொல். கோடிக்கணக்கான சுற்று ஓட்டிப் பார்க்கும் வசதி தனி மனிதர் யாருக்கும் கிடையாது. நம்பத்தக்கவர் யார் என்பதற்கு நியாய பாஷ்யம் எழுதிய வாத்ஸ்யாயனர் தரும் இலக்கணம் இன்றும் செல்லும்: பொருளை நேரே அறிந்தவராகவும், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விழைபவராகவும் இருக்க வேண்டும். ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் இந்த இலக்கணம் ஒன்றே என்று அவர் சேர்த்துச் சொல்கிறார். பிறப்பும் பட்டமும் இதில் கணக்கில்லை. இந்த அளவுகோலால் பார்த்தால் காரோடு வரும் கையேடு முதலிடம் பெறும், ஆனால் கேள்விக்கு அப்பாற்பட்டது ஆகாது. எண்ணெயில் நனைந்தபடியே ஓடும் வகைப் பெல்ட்டுகளுக்கு முதலில் நீண்ட கெடு சொல்லி, பெல்ட்டுகள் உதிரத் தொடங்கிய பின் அதைக் குறைத்துக்கொண்ட தயாரிப்பாளர் உண்டு. அதே இன்ஜினை நூறு முறை திறந்து பார்த்த மெக்கானிக், கல்லூரி வாசல் மிதிக்காதவராக இருந்தாலும், அந்த இடத்தில் நம்பத்தக்கவரே. அவர் வேலை கிடைக்கும் என்பதற்காக மட்டும் மாற்றச் சொன்னால் அந்த இலக்கணத்தின் இரண்டாம் பாதியில் தவறுகிறார். கழற்றிய பழைய பெல்ட்டையும் டென்ஷனரையும் கையில் வாங்கிப் பார்ப்பது அதற்கு எளிய சோதனை.

இனி எஞ்சுவது அறம். 1877இல் வில்லியம் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் நம்பிக்கையின் அறம் பற்றிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளியைப் படைத்தார். கப்பல் பழையது, பல முறை செப்பனிட்டது, குடிபெயர்ந்து செல்லும் குடும்பங்களை ஏற்றிப் புறப்பட நிற்கிறது. அது கடல் தாங்குமா என்ற ஐயம் முதலாளிக்கு எழுகிறது. எத்தனையோ பயணம் போய் எத்தனையோ புயலைக் கண்டு மீண்ட கப்பல், இந்த முறையும் மீளும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறார். மனமார நம்பியே வழியனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது; காப்பீட்டுப் பணம் அவர் கைக்கு வருகிறது.

அவர் மனமார நம்பினார் என்பதைக் கிளிஃபர்ட் மறுக்கவில்லை. அப்படி நம்புவதற்கு அவருக்கு உரிமை இல்லை என்கிறார். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் ஒரு துளியும் குறையாது, அது வெளிப்படாமல் போயிருக்கும், அவ்வளவே என்பது அவர் தீர்ப்பு. பெல்ட் கேள்வியின் மையத்தை இதைவிட நேராகத் தொட்ட வாதம் இல்லை. கெடு தாண்டி இரண்டு ஆண்டு ஓட்டியும் அறவில்லை என்பவர் சரியான முடிவு எடுத்தவர் ஆகமாட்டார். கெடுவில் மாற்றிய பின், கழற்றிய பெல்ட் இன்னும் வலுவாக இருப்பதைக் கண்டவர் தவறான முடிவு எடுத்தவரும் ஆகமாட்டார். முடிவின் சரியும் பிழையும் எடுத்த நேரத்தில் இருந்த அறிவைப் பொறுத்தவை. பின்னால் நடந்தது அதை மாற்றாது.

கிளிஃபர்டின் கப்பலில் முதலாளி ஏறவில்லை; ஏறியவர்கள் வேறு. பெல்ட் விஷயத்தில் உரிமையாளரும் பெரும்பாலும் வண்டிக்குள்தான் இருக்கிறார், ஆனால் தனியாக இல்லை. பின்னிருக்கையில் குழந்தைகள் இருக்கலாம். வாடகை வண்டி என்றால் முன்பின் தெரியாத பயணி இருக்கலாம். பின்னால் வேகமாக வரும் லாரி இருக்கலாம். தன் பணத்தை மட்டும் பணயம் வைப்பவருக்குத் தள்ளிப்போடும் உரிமை ஓரளவு உண்டு. பிறரை ஏற்றிக்கொண்டு பணயம் வைப்பவருக்கு அது இல்லை. காரை விற்கும்போது பெல்ட் மாற்றாததை மறைப்பதும் இதே குற்றம்தான். ஐயம் தனக்குத் தெரியும், கப்பலில் ஏறுபவருக்குத் தெரியாது.

வாங்குபவரின் பக்கம் இது எளிதாகத் தீர்கிறது. பழைய கார் வாங்கி, பெல்ட் மாற்றியதற்குப் பில்லோ சர்வீஸ் புத்தகத்தில் பதிவோ கிடைக்கவில்லை என்றால், முன்பு வைத்திருந்தவரின் ‘மாற்றியாயிற்று என்று நினைக்கிறேன்’ என்ற சொல் உரை அளவையில் சேராது. பெல்ட்டின் வயது தெரியாதபோது அதைக் காரின் வயதாகவே எடுத்துக்கொள்வது முறை. கார் கெடுவைத் தாண்டியிருந்தால் முதல் வேலை பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றுவது. மாற்றிய தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் சிறு ஸ்டிக்கரில் எழுதி டைமிங் மூடியின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். அடுத்த கெடு அந்த எண்ணிலிருந்து கணக்காகிறது.